தூர இடங்களில் உள்ள கொம்பியூட்டர்கள் நின்றால் உடனே தெரிய வேண்டும், என்ன வைக்கலாம்?

வாவிக்கரை (களுவாஞ்சிகுடி)

எல்லோருக்கும் வணக்கம். பல இடங்களில் கிடக்கிற கொம்பியூட்டர்களை வீட்டில் இருந்தபடி பார்த்துக்கொள்கிற வேலை என்னுடையது. வாழைச்சேனையில் ஒரு ஹாட்வெயார் கடை, கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் ஒரே முதலாளியின் இரண்டு பாமசி, சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் மில், பொத்துவிலில் ஒரு கெஸ்ட் ஹவுஸ், எல்லாமாகப் பதினெட்டு மெஷின். அநேகமானவை வின்டோஸ், மில்லில் மட்டும் ஒரு சின்ன லினக்ஸ் சேர்வர். கல்முனைக் கடைக்கு பைபர் லைன் இருக்கிறது, மற்ற எல்லா இடத்திலும் 4ஜி ரவுட்டர்தான்.

இப்போது ஒரு மெஷின் நின்றால் கடைக்காரர் கோல் எடுத்த பிறகுதான் எனக்குத் தெரியும். அவர் கோல் எடுக்கிற நேரம் கவுண்டருக்கு முன்னால் மருந்துத் துண்டோடு சனம் நிற்கும், பிள்ளை அழுகிற சத்தம் போனிலேயே கேட்கும், அந்த நேரத்தில் "அந்த வயரைக் கழற்றிப் போடுங்கோ, இந்த லைட் எரியுதா பாருங்கோ" என்று நான் கேட்பது அவருக்கும் எரிச்சல், எனக்கும் அந்தரம். இதைவிட மோசம் சத்தமில்லாமல் நிற்கிற விஷயங்கள். ஒரு கடையில் இரவு பேக்கப் எப்போதோ நின்றுபோய்க் கிடந்தது, பழைய பில் ஒன்றைத் தேடி எடுக்கப் போனபோதுதான் அது எல்லோருக்கும் தெரிந்தது.

வீட்டில் இருந்து பிங் (மெஷின் பதில் தருகிறதா என்று தட்டிப் பார்க்கிற கட்டளை) அடித்துப் பார்த்தேன், பைபர் கடைக்கு மட்டும் போகிறது. 4ஜி ரவுட்டர்களில் போர்ட் போவர்டிங் (வெளியில் இருந்து வருவதை உள்ளே உள்ள மெஷினுக்குத் திருப்பிவிடுகிற செட்டிங்) போட்டும் ஒன்றும் உள்ளே போகவில்லை. மாதம் ஒரு சிறு தொகை செலவழிக்கலாம், பெரிய லைசென்ஸ் எல்லாம் கட்டாது. எதை வைக்கலாம், எதையெல்லாம் பார்க்க வேண்டும், போனுக்கு எப்படி அறிவித்தல் வரப்பண்ணலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கச்சான்காற்று (மட்டக்களப்பு)

தம்பி, பிங் போகாததற்கு உங்கள் ரவுட்டரில் பிழை இல்லை. 4ஜி லைனில் சொந்தமாக ஒரு பொது ஐபி கிடைப்பது அருமை, கம்பனிகள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறைய வாடிக்கையாளர்களை வைத்திருக்கும். ரவுட்டரின் செட்டிங்கில் போய் வான் ஐபி (ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) என்ன என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் அது இந்த ஏற்பாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட முகவரி, 10இல் தொடங்கினாலும் கதை அதேதான். வெளியில் இருந்து வருகிற எதற்கும் உங்கள் கடையின் வாசல் தெரியாது, எத்தனை போர்ட் திறந்தாலும் வேலைக்கு ஆகாது.

ஆனால் உள்ளே இருந்து வெளியே போக ஒரு தடையும் இல்லை. அதனால் திசையை மாற்றிவிடுங்கள். நீங்கள் போய் ஒவ்வொரு மெஷினையும் தட்டிப் பார்க்க வேண்டாம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மெஷினும் வெளியே உள்ள ஒரு இடத்துக்கு "நான் இருக்கிறேன்" என்று சொல்லட்டும், சொல்லாமல் விட்டால் அந்த இடம் உங்களைக் கூப்பிடட்டும். மெஷின் செத்தாலும், லைன் விழுந்தாலும், கரண்ட் போனாலும், யாரோ வயரைக் கழற்றினாலும் விளைவு ஒன்றுதான், சத்தம் நிற்கும். அந்த மௌனத்தைத்தான் நீங்கள் பிடிக்க வேண்டும்.

இதற்கு இரண்டு வழி சொல்கிறேன். ஹெல்த்செக்ஸ் டொட் ஐஓ என்ற சேவையில் 20 செக் வரை இலவசம். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு லிங்க் தருவார்கள், மெஷின் அந்த லிங்க்கைத் தொட்டால் போதும். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை தொட வேண்டும், பிந்தினால் எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்று இரண்டு இலக்கம் கொடுக்க வேண்டும். உங்கள் லைனுக்கு 5 நிமிடம், 10 நிமிடம் என்று வையுங்கள். உங்கள் பதினெட்டும் அதற்குள் அடங்கிவிடும், ஆனால் பேக்கப்பையும் தனித்தனியாகப் பார்க்கத் தொடங்கினால் பத்தாது. மற்றது அப்டைம் குமா. இலவசம், ஓப்பன் சோர்ஸ், நீங்களே ஒரு சேர்வரில் போட்டுக்கொள்ள வேண்டும், 1 ஜிபி ரேம் உள்ள மலிவான விபிஎஸ் (இன்டர்நெட்டில் வாடகைக்கு எடுக்கிற சேர்வர்) ஒன்று போதும். அதில் புஷ் என்று ஒரு வகை இருக்கிறது, அதுவும் இதே மாதிரி லிங்க் கொடுக்கும். மெஷின் 5 நிமிடத்துக்கு ஒருமுறை தொடுகிறதென்றால் குமாவில் 900 செக்கன் கொடுங்கள். 300 கொடுத்தால் லைன் கொஞ்சம் இழுபட்டாலே அடிக்கத் தொடங்கிவிடும்.

குமாவைத் தயவுசெய்து களுவாஞ்சிகுடி வீட்டில் வைக்க வேண்டாம். மாரி காலத்தில் உங்கள் வீட்டிலும் கரண்ட் போகும், அப்போது பார்க்கிறவனே படுத்துவிடுவான். வெளியே விபிஎஸ்ஸில் வையுங்கள், மறுகா அந்த விபிஎஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அதையே ஹெல்த்செக்ஸ் லிங்க் ஒன்றைத் தொட வையுங்கள். ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும்.

வின்டோஸில் லிங்க்கைத் தொட வைக்க டாஸ்க் ஷெடியூலரும் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டுகிற வின்டோஸ் கருவி) ஒரு வரி பவர்ஷெல் கட்டளையும் போதும், வேறு சொப்ட்வெயார் தேவையில்லை. ஆனால் டாஸ்க்கை உருவாக்கும்போது இரண்டு இடத்தைக் கட்டாயம் மாற்றுங்கள். ஒன்று, யாரும் லொகின் ஆகாமல் இருந்தாலும் ஓட வேண்டும் என்ற தெரிவு. இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்து மெஷின் லொகின் திரையில் நிற்கும்போது உங்களுக்கு அது செத்த மாதிரித்தான் தெரியும். மற்றது கண்டிஷன்ஸ் பக்கத்தில் இருக்கிற, கரண்டில் ஓடும்போது மட்டும் தொடங்கு என்ற டிக். வின்டோஸ் அதைத் தானாகவே போட்டுவைத்திருக்கும். மேசைக் கொம்பியூட்டருக்கு அதனால் பாதிப்பில்லை, ஆனால் லப்டொப் வைத்திருக்கிற கடையில் கரண்ட் போன உடனே டாஸ்க் நின்றுவிடும், லப்டொப் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே உங்களுக்கு அலேர்ட் வரும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

அறிவித்தலுக்கு டெலிகிராம்தான் சுகம். அதிலேயே உள்ள பொட்பாதர் என்ற கணக்கிடம் ஒரு பொட் (தானாகச் செய்தி அனுப்புகிற கணக்கு) வாங்கி, அதன் டோக்கன் என்ற இரகசியச் சாவியை குமாவில் போட்டால் வேலை முடிந்தது. வட்ஸ்அப்பில் வேண்டும் என்று முதலாளிமார் கேட்பார்கள், அங்கீகாரம் இல்லாத குறுக்குவழிகளால் செய்தால் நம்பரையே தடை பண்ணிவிடுவார்கள், கடையின் வியாபார நம்பரை அதற்குப் பணயம் வைக்காதீர்கள்.

இன்னொன்று. உள்ளே போய்ப் பழுது பார்க்க வேண்டும் என்பதற்காக ரிமோட் டெஸ்க்டொப்புக்கான 3389 போர்ட்டைத் திறந்து வைக்கவே வைக்காதீர்கள், அந்த பைபர் கடையிலும் வேண்டாம். டெயில்ஸ்கேல் (உங்கள் மெஷின்களை மட்டும் ஒரு தனி வலையாக இணைக்கிற சொப்ட்வெயார்) போட்டுக்கொள்ளுங்கள், அது உள்ளே இருந்து வெளியே போய் இணைகிற வகை என்பதால் 4ஜி ரவுட்டருக்குப் பின்னாலும் வேலை செய்யும்.

நெல்லுச்சாக்கு (சம்மாந்துறை)

அண்ணன் சொன்ன திசை சரி, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பதினெட்டு மெஷினுக்கும் தனித்தனியாக அலேர்ட் வைத்தால் இந்தத் தம்பி மாரி முடிவதற்குள் டெலிகிராமை மியூட் பண்ணிவிடுவார். ஒரு பாமசியில் நாலு மெஷின் இருக்கிறது என்று வையுங்கள், ரவுட்டர் ஒன்று விழுந்தால் நாலு மெசேஜ், வந்தால் மறுபடி நாலு. மில் பக்கம் மழை நாளில் கரண்ட் போய் வந்து போய் வந்து விளையாடும், அன்றைக்குப் போன் அடித்துக்கொண்டே இருக்கும். அப்படி அடிக்கிற போனை மனிதன் பார்க்கமாட்டான், உண்மையான பழுதும் அதற்குள் அமுங்கிவிடும்.

நான் மில்களுக்கு ஸபிக்ஸ் என்ற கண்காணிப்பு சொப்ட்வெயார் வைத்திருக்கிறேன். அதில் ஏஜென்ட்டை (ஒவ்வொரு மெஷினிலும் ஓடுகிற சின்ன புரோகிராம்) அக்டிவ் முறையில் போட்டால் அதுவும் உள்ளே இருந்து வெளியே 10051 போர்ட்டுக்குத்தான் போகும், ஆகவே 4ஜி பிரச்சினை இல்லை. முக்கியமாக ட்ரிகருக்கு (அலேர்ட் எப்போது அடிக்க வேண்டும் என்ற விதி) ட்ரிகர் சார்பு வைக்கலாம்: இந்த இடத்தின் லைன் விழுந்திருந்தால் மற்ற மெஷின்களைப் பற்றிப் பேசாதே என்று சொல்லிவிடலாம். படிக்கக் கொஞ்சம் நாள் எடுக்கும், உண்மைதான். பதினெட்டு மெஷினுக்கு குமாவே போதும் என்று நினைத்தால் இடத்துக்கு ஒரு மெஷினை மட்டும் தலைவனாக வைத்து அதற்கு மட்டும் போன் அடிக்க விடுங்கள், மற்றவை திரையில் சிவப்பாகக் கிடக்கட்டும், தேவைப்பட்டால் போய்ப் பார்க்கலாம்.

எதற்கு அலேர்ட் வைப்பது என்பதில் என்னுடைய கணக்கு இதுதான்: மெசேஜ் வந்தால் நான் எழும்பி ஏதாவது செய்வேனா? செய்வேன் என்றால் அடிக்கட்டும். செய்யமாட்டேன் என்றால் காலை 7 மணிக்கு வருகிற ஒரே மெசேஜில் ஒரு வரியாக வந்தால் போதும். சிபியு 100 வீதம் என்று அலேர்ட் வைப்பார்கள், வின்டோஸ் அப்டேட் ஓடினாலே அது 100க்குப் போகும், அதைப் பார்த்து என்ன செய்யப் போகிறோம்? அரை மணித்தியாலத்துக்கு மேல் அப்படியே நின்றால் மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

நேரத்தையும் ஊரோடு ஒத்து வையுங்கள். எங்கள் பக்கம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் கடை பூட்டி மெஷினை அணைத்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போவார்கள், சில கடை அன்று முழுக்கப் பூட்டு. நோன்பு மாதத்தில் கடை நேரமே மாறிவிடும், இரவு பிந்தியும் பில் ஓடும், பகலில் ஓடாது. வாழைச்சேனைக் கடைக்கு ஞாயிறு லீவாக இருக்கும். பொத்துவில் கெஸ்ட் ஹவுஸ் அறுகம்பே சீசனை நம்பி ஓடுவதாக இருந்தால் மாரியில் அந்த மெஷினை மாதக் கணக்கில் போடவே மாட்டார்கள். குமாவில் மெயின்டனன்ஸ் என்று நேர அட்டவணை போடலாம், அதை ஒவ்வொரு கடைக்காரரிடமும் கேட்டு நிரப்புங்கள். டைம்சோன் கொழும்பு என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், விபிஎஸ் அநேகமாக யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும், ஐந்தரை மணித்தியாலம் தள்ளி எல்லாம் பிழைக்கும்.

மில் மெஷினுக்கு மட்டும் ஒரு விசேஷம். பெரும்போக அறுவடை வந்தால் இரவு பகலாக மில் ஓடும், உமித்தூசி கேசிங்குக்குள் போய் ஃபேனில் கம்பளி மாதிரிப் படிந்துவிடும். அங்கே வெப்பத்தையும் பாருங்கள். சும்மா நிற்கும்போதே வழக்கத்தைவிடப் 15 பாகை கூடியிருந்தால் ஆளை அனுப்பி ஊதித் துப்புரவாக்க வேண்டிய நேரம் அது. 90ஐத் தொடும் வரை காத்திருந்தால் அறுவடை நடுவில் மெஷின் நிற்கும், அப்போது லொறியோடு வந்து நிற்கிற விவசாயிக்கு நிறைத் துண்டு கொடுக்க வழி இருக்காது.

நீலாவணை (கல்முனை)

நான் இந்த வேலை செய்கிற ஆள் இல்லை, பாமசி கவுண்டரில் நிற்கிற ஆள். எங்கள் கடையையும் இப்படித் தூரத்தில் இருந்து ஒருவர் பார்த்துக்கொள்கிறார், அதனால் மற்றப் பக்கத்தில் இருந்து ஒரு விஷயம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

அலேர்ட் உங்கள் போனுக்கு வருவது நல்லது தம்பி, ஆனால் பாதிப் பழுதை வயரைத் தொடுகிற தூரத்தில் நிற்கிற எங்களால்தான் தீர்க்க முடியும். எங்கள் கடையில் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது. ரவுட்டர் எது, அதில் எந்த லைட் எரிய வேண்டும், யூபிஎஸ் பொத்தான் எங்கே, அணைத்தால் எவ்வளவு நேரம் கழித்துப் போட வேண்டும் என்று தமிழில் பெரிய எழுத்தில். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பெயர், அதே பெயர்தான் அவருக்கு வருகிற மெசேஜிலும் வருமாம். அவர் கோல் எடுத்து "கவுண்டர் இரண்டில் ரவுட்டர் பச்சை லைட் எரியுதா அக்கா" என்று கேட்டால் எனக்கு உடனே விளங்குகிறது. பழைய மாதிரி டெஸ்க்டொப் என்று தொடங்கி நீளமான ஒரு நம்பரைச் சொன்னால் யாருக்குத் தெரியும்?

இன்னொரு விஷயத்தை யாரும் எழுதவில்லை. மெஷினில் ஏதோ போட்டிருக்கிறார்கள் என்று வேலை செய்கிற பிள்ளைகளுக்குத் தெரியும்போது, நாங்கள் என்ன பார்க்கிறோம், எப்போது ரொய்லெட் போகிறோம் என்று எல்லாம் முதலாளி பார்க்கிறாரோ என்ற பயம் வரும். எதைப் பார்க்கிறீர்கள், எதைப் பார்க்கவில்லை என்று முதல் நாளே வந்து சொல்லுங்கள். திரையைப் படம் பிடிக்கிறதில்லை, மெஷின் ஓடுகிறதா, இடம் இருக்கிறதா, பேக்கப் போனதா, இவ்வளவுதான் என்று சொன்னால் அந்தப் பயம் போய்விடும். சொல்லாமல் விட்டால் யாராவது அந்த டாஸ்க்கையே நிற்பாட்டிவிடுவார்கள். முதலாளி வேறு எதையாவது பார்க்கச் சொன்னாலும், பிள்ளைகளுக்குத் தெரியாமல் அதைச் செய்யாதீர்கள்.

வாவிக்கரை (களுவாஞ்சிகுடி)

மூன்று பேருக்கும் பெரிய நன்றி. அக்கா சொன்ன பெயர் வைக்கிற விஷயத்தை இந்தக் கிழமையே செய்கிறேன், அதற்குச் செலவே இல்லை.

இன்னும் இரண்டு கேள்வி. சத்தம் நின்றது தெரியும், ஆனால் கரண்ட் போனதா, லைன் போனதா, யாராவது அணைத்தார்களா என்று வீட்டில் இருந்தே பிரித்து அறிய வழி உண்டா? அக்கரைப்பற்றுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் கரண்ட் வெட்டு என்பார்கள். அடுத்தது, அந்த பேக்கப் மாதிரிச் சத்தமில்லாமல் நிற்கிறவற்றையும் ஹாட்டிஸ்க்கையும் எப்படிப் பார்ப்பது?

முகத்துவாரம் (மட்டக்களப்பு)

முதல் கேள்விக்கு. நடந்து முடிந்த பிறகு பிரித்து அறிவது சுலபம், வின்டோஸே எழுதி வைத்திருக்கும். ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் லொக்கில் 1074 என்ற இலக்கம் இருந்தால் முறையாக அணைக்கப்பட்டது, யார் அணைத்தது என்ற பெயரும் அதிலேயே இருக்கும். 41உம் 6008உம் இருந்தால் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது, கரண்ட் அல்லது ஹேங். இரண்டுமே இல்லாமல் சத்தம் மட்டும் நின்று வந்திருந்தால் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, லைன்தான் போனது. மெஷின் திரும்ப வந்ததும் கடைசியாக எழுதப்பட்ட இந்த இலக்கத்தை லிங்க்கோடு சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள், மெசேஜிலேயே காரணம் வந்துவிடும். எவ்வளவு நேரமாக மெஷின் ஓடுகிறது என்ற கணக்கை மட்டும் நம்பி இதைச் செய்யாதீர்கள், வின்டோஸில் பாஸ்ட் ஸ்டார்ட்டப் போட்டிருந்தால் ஷட்டவுன் பண்ணி எடுத்தாலும் அந்தக் கணக்கு பூச்சியத்துக்கு வராது.

நடந்துகொண்டிருக்கும்போதே தெரிய வேண்டும் என்றால், ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று போடுங்கள். கரண்ட் போனாலும் போன் டவர் கொஞ்ச நேரம் பேட்டரியில் நிற்கும், ஆகவே லைன் இருக்கும். அடுத்தது, எந்தக் கடையிலும் ஒரு பழைய லப்டொப் தூங்கிக்கொண்டிருக்கும், பேட்டரி அரை மணித்தியாலம் நின்றாலே போதும், அதைத் தலைவனாக வையுங்கள். கரண்டில் ஓடுகிறதா பேட்டரியில் ஓடுகிறதா என்பது அதற்குத் தெரியும், அதையும் லிங்க்கோடு அனுப்பினால் "அக்கரைப்பற்றில் கரண்ட் இல்லை" என்று கடைக்காரர் சொல்ல முன்னமே உங்களுக்கு வரும். கச்சான்காற்று அண்ணன் சொன்ன அந்த டிக்கை எடுத்திருந்தால்தான் இது நடக்கும். மில்லில் உள்ள லினக்ஸுக்கு யூஎஸ்பி வயர் உள்ள யூபிஎஸ் என்றால் நட் என்ற இலவச சொப்ட்வெயார் இதையே செய்யும், பேட்டரி முடியப் போகும்போது சேர்வரை ஒழுங்காக அணைக்கவும் செய்யும். கரண்ட் வந்ததும் தானாக எழும்ப பயோஸில் ஒரு செட்டிங் இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள்.

இரண்டாவது கேள்வி இதைவிட முக்கியம். பேக்கப் டாஸ்க் ஓடியதா என்று பார்க்காதீர்கள், ஓடி ஒன்றும் எழுதாமலும் அது நன்றாக முடிந்தது என்று சொல்லும். பேக்கப் கிடக்கிற இடத்துக்குப் போய், கடைசிக் கோப்பு எப்போது வந்தது, எவ்வளவு பெரியது என்று பார்க்க ஒரு தனி டாஸ்க் வையுங்கள். 26 மணித்தியாலத்துக்கு மேல் பழையதாக இருந்தாலோ, முந்திய நாளைவிடச் சட்டென்று சிறுத்திருந்தாலோ லிங்க்கைத் தொடாமல் விட வேண்டும். அவ்வளவுதான், மௌனம் மற்றதைச் செய்யும்.

பில் சொப்ட்வெயார் எஸ்கியூஎல் சேர்வர் எக்ஸ்பிரஸில் (மைக்ரோசொப்டின் இலவச டேட்டாபேஸ்) ஓடுகிறதா என்று பாருங்கள், இங்கே நிறையக் கடைகளில் அதுதான். 2022 பதிப்பு வரைக்கும் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி என்பது எல்லை. அதைத் தொட்ட நாளில் டிஸ்க்கில் 200 ஜிபி காலியாக இருந்தாலும் புதுப் பில் பதியாது. டேட்டாபேஸ் 8 ஜிபியைத் தாண்டும்போதே உங்களுக்கு மெசேஜ் வர வேண்டும், பழைய வருடங்களைப் பிரித்து வைக்க அவகாசம் இருக்கும். சி டிரைவுக்கும் அதே மாதிரி, 10 வீதத்துக்குக் குறைந்தால் காலை மெசேஜில், 3 ஜிபிக்குக் குறைந்தால் உடனே.

ஹாட்டிஸ்க்குக்கு ஸ்மார்ட்மொன்டூல்ஸ் என்ற சொப்ட்வெயார் போட்டு, டிஸ்க் தன் நிலையைத் தானே எழுதி வைக்கிற ஸ்மார்ட் கணக்கில் பழுதான இடங்களை எண்ணுகிற 5, 197, 198 என்ற மூன்று இலக்கங்களைப் பாருங்கள், சுழலும் டிஸ்க்கில் இவை பூச்சியமாக இருக்க வேண்டும். 197 ஏறத் தொடங்கினால் அன்றைக்கே புது டிஸ்க் வாங்குங்கள். ஆனால் இவை பூச்சியம் என்பதற்காக நிம்மதியாகப் படுக்க முடியாது. 2007இல் கூகுள் ஆட்கள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளைப் பார்த்து எழுதிய ஆய்வில், செத்த டிஸ்க்குகளில் 36 வீதத்துக்கு மேற்பட்டவை வெப்பம் தவிர்ந்த ஸ்மார்ட் கணக்கு எதிலும் ஒரு அறிகுறியும் காட்டாமலே செத்திருக்கின்றன. அதனால்தான் நான் பேக்கப்பை முதலில் சொன்னேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கடையின் பேக்கப்பை எடுத்து வேறு மெஷினில் போட்டு, நேற்றைய பில் ஒன்றைத் திறந்து பாருங்கள். அந்த பில்லைக் கடையில் உள்ள தாளோடு ஒத்துப் பார்க்க வேண்டும், சும்மா கோப்பு திறந்தது என்று விட்டுவிடக் கூடாது.

வாவிக்கரை (களுவாஞ்சிகுடி)

விளங்கியது அண்ணன். முதலில் அக்கரைப்பற்றுப் பாமசியில் ஒரு லப்டொப்பும் மினி யூபிஎஸ்ஸும் வைத்து ஹெல்த்செக்ஸில் தொடங்குகிறேன், பேக்கப் பார்க்கிற டாஸ்க்கும் அதோடு சேர்த்தே. அது ஒழுங்காக ஓடினால் விபிஎஸ் எடுத்து எல்லாவற்றையும் குமாவுக்கு மாற்றலாம். நெல்லுச்சாக்கு காக்கா, அந்த ஸபிக்ஸ் சார்பு வைக்கிற முறையைத் தனியாக ஒரு பதிவாக எழுத முடியுமா, மில்லில் இன்னும் மூன்று மெஷின் கூடப் போகிறது.

நெல்லுச்சாக்கு (சம்மாந்துறை)

எழுதலாம் தம்பி. மில்லில் எத்தனை ரவுட்டர், எந்த மெஷின் எதற்குப் பின்னால் என்று ஒரு தாளில் கீறிப் படம் எடுத்துப் போடுங்கள், அதை வைத்தே எழுதுகிறேன்.